நம்ம வீட்டுச் சாவு

இந்த அறையில் குளிர் கொஞ்சம் அதிகம், மேடம். குறைக்க முடிந்தால் குறைக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டாலும் பரவாயில்லை, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துகொள்கிறேன். நான் எதற்கும் சண்டை போடுகிறவன் இல்லை. எங்கள் பிரிவில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

பலகையில் எங்கள் பெயர் 'நிறைவுப் பிரிவு'. எங்களுக்குள் 'சாவு மேசை' என்போம். யாராவது இறந்துபோனால் அவருடைய கணக்கை மூடுவது எங்கள் வேலை. நீங்கள் மேல்மாடியில் இருப்பவர், கணக்கு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் நான் பேசுவது பதிவாகிறது என்றீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். சம்பளம் வந்து விழுவது நம் கம்பெனிக் கணக்கில்தான். பேருந்தில் ஏறுவது, டாக்டரிடம் நேரம் வாங்குவது, போன் பேசுவது, எங்கள் குடியிருப்பில் வாசல் கதவு திறப்பது வரைக்கும் அந்தக் கணக்குதான். அரசாங்க அலுவலகத்திலேயே எதிரே நிற்கும் ஆள் யாரென்று நம்மிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

இப்படிப்பட்ட கம்பெனிகள் அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டன, இனி இவர்களை நம்ப முடியாது என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். படிக்கும்போது எனக்குச் சிரிப்புதான் வரும். கம்பெனி என்றால் என்ன, மேசையும் நாற்காலியும் என்னைப் போல நாலு பேரும். கம்பெனிக்கு யார்மேலும் கோபம் கிடையாது, ஆசை கிடையாது. கம்பெனிக்குத் தங்கச்சி கிடையாது.

எனக்கு ஒருத்தி இருக்கிறாள். வீட்டில் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். பேச ஆரம்பித்தால் காது புளித்துப்போகும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஆய்வகத்தில் செயற்கைப் பல் கட்டுவாள். மெழுகில் அச்சு எடுப்பது, பீங்கானைச் சுட்டு வண்ணம் ஏற்றுவது எல்லாம் அவள் கைவேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவரைக் காட்டி, "மேல்வரிசை மொத்தமும் கட்டினதுண்ணா. நல்லாப் பாரு, பல்லு முன்னாடி சிரிக்குது, ஆளு அப்புறம்தான் சிரிக்கிறார்" என்பாள். படுத்துக்கிடக்கும் அப்பாகூட உடம்பு குலுங்கச் சிரிப்பார்.

அப்பாவுக்குப் பக்கவாதம். வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. அவருக்குச் சோறு ஊட்டுவது, துடைப்பது, திருப்பிப் படுக்கவைப்பது எல்லாவற்றையும் வாயாடிதான் வேலைக்கு முன்னும் பின்னும் செய்வாள். பகலில் என் மனைவி அறை வாசல்வரை போய் எட்டிப் பார்ப்பாள். வீடு அப்படி ஓடிக்கொண்டிருந்தது, யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் அவள் ஒருநாள் துள்ளிக்கொண்டு வந்தாள். துறைமுக நகரத்தில் பெரிய ஆய்வகம், பொறுப்பாளர் வேலை. "எனக்குக் கீழ ஆறு பேர்ணா. நான் பேசுறத ஆறு பேரும் கேட்டே ஆகணும்" என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அப்பாவ நீயும் அண்ணியும் கொஞ்ச நாள் பாத்துக்குங்க. அங்க ஒரு வீடு புடிச்சதும் நானே வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்றாள். நான் சந்தோஷம் என்றேன். அவள் அப்பாவிடம் ஓடினாள்.

என் மனைவி அறைக்கு வந்த பிறகுதான் சொன்னாள். "உங்க அப்பா, உங்க தங்கச்சி. நடுவுல நான் வர மாட்டேன். ஆனா அந்த வேலைய என்னால செய்ய முடியாது, இப்பவே சொல்லிட்டேன்." அவளை நான் குறை சொல்லமாட்டேன். ஒத்திகை மாதிரி ஒருநாள் நானே அப்பாவுக்குத் துணி மாற்றிப் பார்த்தேன். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முடித்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், மறுபடியும் கழுவினேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எல்லாருக்கும் எல்லாம் வருமா, மேடம்? அவளுக்கு அது வந்தது. இறைவன் ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொன்றைக் கொடுத்திருக்கிறான்.

தவிர, அவளுக்கு உலகம் தெரியாது. யாரைப் பார்த்தாலும் வெள்ளந்தியாகப் பேசிவிடுவாள். அத்தனை பெரிய ஊரில் தனியாக என்ன செய்வாள்? இக்கரைக்கு அக்கரை பச்சை என்று எடுத்துச் சொன்னேன். "அங்க போய்ப் பாத்துட்டு எது பச்சைன்னு போன்ல சொல்றேன்ணா" என்றாள். கல்லில் நார் உரிப்பதுகூட நடக்கும், அவள் பிடிவாதத்தைத் தளர்த்த முடியாது. அண்ணன் என்ற முறையில் நான் ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது.

இப்போது எங்கள் பிரிவின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு சாவு வந்தால் உறவினர் தெரிவிக்க வேண்டும், மருத்துவச் சான்று வேண்டும், எங்களில் ஒருவர் பார்த்து உறுதி செய்ய வேண்டும், இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். சட்டம் அது. ஆனால் எங்கள் பிரிவில் வேலை செய்த ஒரு அம்மாவின் கணவர் இறந்தபோது, கணினி அந்த அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சான்றிதழ் கேட்டது. படம் தெளிவாக இல்லை, முத்திரை தெரியவில்லை என்று ஒவ்வொரு தடவையும் தள்ளியது. அந்த அம்மா தன் மேசையிலேயே தலையைக் கவிழ்த்து அழுதார். அதைப் பார்த்த எங்கள் மேற்பார்வையாளர், "நம்ம வீட்டுச் சாவுக்கு நாமளே அத்தாட்சி கேக்கறதா? இனிமே கேக்கக் கூடாது. வாயால சொன்னாப் போதும்" என்றார். அன்றிலிருந்து அப்படித்தான். எங்கள் பிரிவில் இரக்கம் என்று ஒன்று இருந்தது என்றால் அது இது ஒன்றுதான். எந்த உத்தரவிலும் எழுதியிருக்காது.

ஒருநாள் காலைத் தேநீர் முடிந்து எல்லாரும் இருக்கைக்குத் திரும்பினார்கள். எனக்குப் பக்கத்து மேசைக்காரருக்குக் கண்ணாடி தடிமன், சோடாபுட்டி என்று கூப்பிடுவோம், அவரும் சிரித்துக்கொள்வார். நான் அவரிடம், "என் தங்கச்சி தவறிட்டா" என்றேன்.

அவர் எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எப்படிப்பா?"

"திடீர்னு."

அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. "நீ பேசாம உக்காரு" என்று என் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் படம் வந்தது. பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். உறுதி என்பதை நான்தான் அழுத்தினேன், அதில் எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. ஒப்பு என்பதை அவர் அழுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அழுத்தினார், படத்தை அவர் சரியாகப் பார்க்கவில்லை. மேற்பார்வையாளர் எனக்கு விடுப்புக் கொடுத்து அனுப்பினார்.

வீட்டில் என் மனைவி சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அவள் போனுக்கு நம் கம்பெனியின் செய்தி வந்தது: 'உங்கள் குடும்பத்தின் ஈடு செய்ய முடியாத இழப்பில் நாங்களும் பங்குகொள்கிறோம்.' கீழே வாயாடியின் பெயர். அன்று விடுப்பில் இருந்த வாயாடி அப்போது உள்ளே அப்பாவிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள், குரல் எங்கள் இருவருக்கும் கேட்டது. என் மனைவி செய்தியைப் படித்தாள், என்னைப் பார்த்தாள், அழித்தாள், போனைக் கவிழ்த்து வைத்தாள். "இஸ்திரி போட வேண்டிய துணி இருந்தா எடுத்து வைங்க, அவ போட்டுடுவா" என்றாள். அதன்பிறகு இன்றுவரை நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. நல்ல தாம்பத்தியத்துக்கு அதிகப் பேச்சு தேவையில்லை என்பது என் அனுபவம்.

அவளுக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. பேருந்து ஏற்றவில்லை என்று நடந்தே வந்தாள். போன் ஊமையாகிவிட்டது என்றாள். கீழ்வீட்டு அக்காவின் போனிலிருந்து கம்பெனிக்குப் பேசிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் செத்துட்டேனாம்ணா. என் நம்பரச் சொன்னதும் எனக்கே அனுதாபம் சொல்றாங்க." அன்று இரவுச் சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு, "செத்தவ சமைச்சது. உப்பு சரியா இருக்கா பாரு" என்றாள். உப்பு சரியாக இருந்தது.

பிறகு சிரிப்பு குறைந்தது. நம் அமைப்பு எவ்வளவு கச்சிதமானது என்று உங்களுக்குத் தெரியும். இறந்தவரின் கணக்கில் யாராவது நுழையப் பார்த்தால் திருட்டு என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். அவள் தன் முகத்தைக் காட்டக் காட்ட, செத்தவள் முகத்தை எவளோ திருடி வைத்திருக்கிறாள் என்று பூட்டு இன்னும் இறுகியது. யார் இறப்பைத் தெரிவித்தது என்று கேட்டாள். அது தனியுரிமை, கணக்கு உரியவருக்கு மட்டும்தான் சொல்வோம் என்றார்கள். நம் சேவை மையத்துக்கே நேரில் போனாள். அங்கே வாசல் கதவு கணக்கில்தான் திறக்கும். அரசாங்க அலுவலகத்தில் ஒரு எழுத்தர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர்ல இறந்துட்டதா இருக்கும்மா. மொதல்ல அங்க போய்ச் சரி பண்ணிட்டு வாங்க" என்றாராம். துறைமுக நகரத்து ஆய்வகம் அனுப்பிய வேலை உத்தரவு, உரியவர் இறந்துவிட்டார் என்று திரும்பிப் போயிருந்தது. அவர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். இங்கே வருகைப் பதிவு விழவில்லை என்று இந்த ஆய்வக முதலாளியும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

அவள் என்னிடம்தான் வந்தாள். வேறு யாரிடம் போவாள்? "நீ அங்கதானேண்ணா இருக்கே. யார்கிட்டயாவது சொல்லேன்."

"நான் அங்க சுண்டைக்காய் ஆளும்மா. அவ்ளோ பெரிய கம்பெனில என் பேச்ச யாரு கேப்பா?" என்றேன். "முயற்சி பண்ணிட்டுத்தான் இருக்கேன். கொஞ்சம் பொறு."

அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். சிறுவயதுக்குப் பிறகு அவள் அப்படிச் செய்தது அன்றைக்குத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொய்யாக அழவில்லை, மேடம். அவள்மேல் எனக்கு உயிர்.

ஞாயிற்றுக்கிழமை பிரிவிலிருந்து துக்கம் விசாரிக்க வந்தார்கள். வராதீர்கள் என்று யாரால் சொல்ல முடியும்? முன்கூட்டியே வாயாடியிடம், "ஆபீஸ் ஆளுங்க அப்பாவப் பாக்க வர்றாங்க. உன் கணக்கப் பத்தி மட்டும் வாயத் திறந்துடாதே. சிபாரிசு புடிச்சேன்னு என் வேலைக்கே ஆபத்து" என்று சொல்லி வைத்தேன். அவ்வளவு பேசுகிறவள் அன்றைக்கு எனக்காக உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். தேநீர் எடுத்துவந்து ஒவ்வொருவருக்கும் கொடுத்தாள். உறவுக்காரப் பெண் யாரோ ஒத்தாசைக்கு வந்திருக்கிறாள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். மேற்பார்வையாளர் அவளிடம், "மனசத் தளர விடாதீங்கம்மா. இந்த நேரத்துல வீட்டுல ஒருத்தராவது திடமா இருக்கணும்" என்றார்.

"பழகிடுச்சு சார். நான் இருக்கேன்ல" என்றாள். சோடாபுட்டி நல்ல தேநீர் என்று சொல்லி இன்னொரு கோப்பை வாங்கிக் குடித்தார்.

ஒன்றை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. அவள் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது, மேற்பார்வையாளர் அப்பாவின் கட்டிலுக்குப் போய், அவருக்குக் காது கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ, குனிந்து உரக்கச் சொன்னார்: "பொண்ணப் பறிகொடுத்த வேதனை பெத்தவருக்குத்தான் தெரியும், பெரியவரே." அப்பாவின் கண் சமையலறைப் பக்கம் போனது. கோப்பைகள் இடிபடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அந்தக் கண் என்னிடம் திரும்பியது. அப்பா என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

அதிலிருந்து நான் அறைக்குள் போனால் வாயை மூடிக்கொள்வார், ஒரு பருக்கை வாங்கமாட்டார். அவளைப் பார்த்தால் தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் எழுப்புவார், இடது கையால் என் பக்கம் காட்டுவார். "அப்பாவுக்கு எங்கயோ வலிக்குதுண்ணா. என்னையே பாத்துப் பாத்து அழறார். உன்ன வேற கூப்பிடறார், கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காரேன்" என்பாள். நானும் போய் உட்காருவேன். அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

அவள் வெளியே போவதும் மெல்ல நின்றது. யாரும் தடுக்கவில்லை. வெளியே போக எங்கள் கதவு யாருக்கும் திறக்கும், உள்ளே வரத்தான் கணக்கு வேண்டும். ஒருநாள் மருந்துக் கடைவரை போனவள், நாங்கள் இருவரும் வீட்டில் இல்லாததால், மழையில் வாசல்படியிலேயே நின்றிருக்கிறாள். உள்ளே அப்பா தனியாக. நாங்கள் வந்தபோது உதடு நீலம் பாரித்து நடுங்கிக்கொண்டிருந்தாள். அதன்பிறகு அவளாகவே போவதை விட்டுவிட்டாள். மெழுகுவர்த்தியை உருக்கிப் பல் செய்து ஜன்னல் ஓரத்தில் வரிசையாக அடுக்கி வைக்கிறாள். நல்ல பொழுதுபோக்கு என்றுதான் சொல்லவேண்டும். பேச்சும் குறைந்துவிட்டது. வாயாடி என்று கூப்பிட்டால் சில சமயம் திரும்புவதில்லை.

போன மாதம் அப்பா காலமானார். அவள் மடியில்தான் உயிர் போனது. இந்தத் தடவை உண்மையாகவே நம்ம வீட்டுச் சாவு. பிரிவிலிருந்து மறுபடியும் வந்தார்கள். அவள் மறுபடியும் தேநீர் கொண்டுவந்தாள். கீழ்வீட்டு அக்கா அழுதுகொண்டே, "மகராசன், குடுத்து வெச்சவரு. ஒரே பொண்ணு, ஒத்த ஆளா நின்னு பாத்துக்கிட்டா" என்று அவளைக் காட்டினார். சோடாபுட்டி கோப்பையைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, அவளைப் பார்த்தார். முதல்முறையாக நன்றாகப் பார்த்தார். ஒப்பு அழுத்தியது அவர் விரல் என்பதால் சில நாள் வாயைத் திறக்காமல் இருந்தார் போல. பிறகு தாங்கவில்லை, உங்களிடம் வந்திருக்கிறார். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்றாராமே. வருத்தமாக இருக்கிறது. அவருக்கு நான் ஒரு கெடுதலும் செய்ததில்லை.

அப்பா போன பிறகாவது ஏன் விடவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நானும் யோசித்தேன். ஆனால் இப்போது என் மனைவி மாசமாக இருக்கிறாள். குழந்தை வந்தால் ஒரு கை வேண்டும். மேலும் வீடு என்பது ஒரு பழக்கம், மேடம். சாப்பாடு நேரத்துக்கு வருகிறது, துணி மடித்து இருக்கிறது. திடீரென்று ஏன் கலைப்பது?

சற்று முன் தண்ணீர் குடிக்க எழுந்தேன், இந்தக் கதவு எனக்குத் திறக்கவில்லை. என் கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள், சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடம் மூச்சு முட்டியது, கைப்பிடியை உலுக்கிவிட்டேன், மன்னிக்க வேண்டும். அவளுக்கும் இப்படித்தானே இருந்திருக்கும் என்றீர்கள். இல்லை. அவளுக்குப் பழகிவிட்டது.

நீங்கள் என் முன்னால் வைத்திருக்கும் திரையைப் படித்தேன். 'தவறுதலாகத் தெரிவித்தேன், இவர் உயிருடன் இருக்கிறார்.' இறப்பைத் தெரிவித்த உறவினர் அழுத்தினால்தான் கணக்குக்கு உயிர் வரும், வேறு யாராலும் முடியாது என்பது நம் விதி. விதியை மீறிக் கம்பெனி தானாகத் திருத்தினால், அத்தாட்சி இல்லாமல் ஒரு பெண்ணைச் சாகடித்ததாக நாமே ஒத்துக்கொண்டதாகிவிடும், அதை மேலே விரும்பவில்லை. இது இந்த அறையைத் தாண்டாது என்று நீங்கள் முதலிலேயே சொல்லிவிட்டீர்கள். அதனால் நாம் இருவரும் ஒளித்துப் பேச வேண்டியதில்லை. ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன். என் தங்கச்சியை உயிரோடு செத்தவளாக்கி வீட்டில் வைத்திருக்கிறேன். இந்தப் பொத்தானை நான் அழுத்தப்போவதில்லை. வேலையை எடுத்துக்கொள்வதானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு என்மேல் ஒரு வருத்தமும் கிடையாது. நேற்று எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "முகந்தெரியாத அவ்ளோ பெரிய கம்பெனிய நம்பி மொத்தத்தையும் அவன் கையில குடுத்தோமே, அதாண்ணா தப்பு. கடைசில எனக்குன்னு நீ ஒருத்தன்தான் இருக்கே."

அவள் சொல்வதுதான் சரி, மேடம். இந்தக் காலத்தில் கூடப்பிறந்தவர்களைத் தவிர வேறு யாரையும் நம்பக் கூடாது.